அலிங் சலூத் துடைத்த முகம்

சான் தெல்மோவில் பங்குச் சாமியாரோடு சண்டை போடாத குடும்பம் ஒன்று இருந்தால், அது போன வாரம் குடிவந்த குடும்பமாகத்தான் இருக்கும். கோயில் மதிலை ஒட்டி கோத்தோ கடை போட்டிருந்த சலூத் லந்திச்சோ, ஊர் மரியாதைக்கு 'அலிங்' சேர்த்துக் கூப்பிடுகிற சலூத், தன் அறுபத்தோரு வயதுக்குள் ஐந்து சாமியார்களைப் பார்த்தவள். ஐந்து பேரோடும் ஏதோ ஒரு கட்டத்தில் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. ஆனால் ஒரு ஞாயிறுகூட அவள் பூசை தவறியதில்லை. "சண்டை சாமியாரோட. சேசுவோட எனக்கு ஒரு தகராறும் கிடையாது" என்பாள், மாட்டுக்குடல் மிதக்கும் அரிசிக் கஞ்சியை அகப்பையால் கிளறிக்கொண்டே.

முதல் சண்டை ஏழு வயதில். மே மாத ஊர்வலத்தில் சம்மனசு வேஷத்துக்கு நின்றவளை, முன்பல் இல்லை என்று சொல்லி வரிசையிலிருந்து நகர்த்திவிட்டார் அன்றைய சாமியார். அவள் சம்மனசு இறக்கையைக் கழற்றித் தரவே இல்லை. வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள். இரண்டாமவர் அவள் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக, சேவல்கட்டுக் களத்தின் தூசியோடு வந்தார். பீடத்தின் முன்னால் முக்காட்டை விலக்கி, "யாரு சேவல் ஜெயிச்சுது ஃபாதர்?" என்று கேட்டாள் மணப்பெண். மூன்றாமவர் அவள் கஞ்சி வாசனை பிரசங்கத்தைக் கெடுக்கிறது என்று மேடையிலிருந்தே சொன்னார். மறு ஞாயிறு அடுப்பைக் காற்று வீசும் பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். நான்காமவர் செத்துப்போய்விட்டதால் அவரைப் பற்றிப் பேச மாட்டாள். ஐந்தாமவர் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு மின்டோரோவில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை முட்டை அனுப்புகிறார், அதனால் அவர் மேல் ஒரு மரியாதை.

ஆறாவது சண்டைதான் பெரிய சண்டை. அது வெரோணிக்காவுக்காக வந்தது.

சேசு பாடுபட்டுச் செத்த கதையின் சுரூபங்கள் அந்த ஊரில் கோயிலில் இருப்பதில்லை, வீடுகளில்தான் இருக்கும். ஒரு குடும்பத்தில் இராயப்பர், ஒரு குடும்பத்தில் அருளப்பர். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தால் உடுத்தி, சப்பரத்தில் ஏற்றி, பூவும் விளக்கும் வைத்து ஊர்வலத்துக்குக் கொண்டு வருவார்கள். சலூத்தின் வீட்டில் இருந்தது சிலுவை சுமந்து போன சேசுவின் முகத்தைத் துடைத்து, அந்த முகம் அப்படியே துணியில் பதியப் பெற்ற வெரோணிக்கா. அப்பா போன பிறகு, தென்னந்தோப்பைப் பங்கு போடக் கூடப்பிறந்தவர்கள் நாலு பேரும் உட்கார்ந்தபோது, "தோப்பை நீங்க வெச்சுக்கங்க, எனக்கு வெரோணிக்கா போதும்" என்று எழுந்தவள் அவள். "அதுவும் மரம்தான். தேங்காய்தான் காய்க்காது" என்றான் புருஷன் காத்யோ. அதோடு விட்டுவிட்டான், அவன் சுபாவம் அப்படி.

வெரோணிக்காவுக்கு முகமும் இரண்டு கைகளும் மட்டும்தான் செதுக்கியவை. உடுப்புக்குள்ளே வெறும் மரச்சட்டம். தலைமுடி மட்டும் சலூத்துடையது. முதல் பிள்ளை டைபாய்டில் கிடந்து எழுந்தபோது, இடுப்பு வரை கிடந்த கூந்தலை வெட்டிக் கொடுத்திருந்தாள். இப்போது அவள் தலை பஞ்சாக நரைத்துவிட்டது. "நான் கிழவியாயிட்டேன், என் முடிக்கு இன்னும் இருபத்திநாலு வயசு" என்று, வருஷா வருஷம் அந்த முடிக்குத் தேங்காயெண்ணெய் தடவிச் சீவிவிடுவாள். பெரிய புதனும் பெரிய வெள்ளியும் அந்த முடி ஊரைச் சுற்றி வர வேண்டும். வராத வருஷம் ஒன்று இருந்ததில்லை.

ஃபாதர் கிறிசாந்தோ ஜூன் மாதம் வந்தார். முப்பத்திநாலு வயது, ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், மூன்று வருஷம் வெளிநாட்டில் படித்தவர். எப்போதும் முகத்தில் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு வெளியே வருவார். சிவப்பாக ஆசைப்படுகிறார் என்று ஊர் ஒரே நாளில் முடிவு கட்டி, 'பவுடர் ஃபாதர்' என்று பேரும் வைத்தது. ஞானஸ்நானத்துக்கு செமினார், கல்யாணத்துக்கு செமினார், ஞானப்பெற்றோருக்குத் தனி செமினார் என்று அவர் ஆரம்பித்தபோது ஊர் முனகியது. சலூத் மட்டும் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. காத்யோவுக்கே கவலையாகிவிட்டது. "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒரு நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

பிப்ரவரியில் சுரூபம் வைத்திருக்கிற குடும்பங்களைப் பங்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தார் ஃபாதர். அதில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இனி நற்செய்தியில் இருக்கிறவர்கள் மட்டும்தான் ஊர்வலத்தில் வரலாம்.

சலூத் தாளை மேலிருந்து கீழே படித்தாள், பிறகு கீழிருந்து மேலே. பிறகு எழுந்தாள்.

"என் ஆளைக் காணோமே ஃபாதர்."

"மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான், நாலுலயும் தேடிட்டேன் அலிங் சலூத். வெரோணிக்கான்னு ஒருத்தர் இல்லைங்க."

"சரியாத் தேடினீங்களா? என் கண்ணாடி வேணும்னா தர்றேன்."

மண்டபம் சிரித்தது. ஃபாதர் சிரிக்கவில்லை. "பாரம்பரியத்துல இருக்காங்க. வேதத்துல இல்லை. ஊர்வலம் மூணு மணி நேரம் ஆகுது. சனங்க யாரு சப்பரத்துல பூ அதிகம், யாரு ஜெனரேட்டர் புதுசுன்னு பாக்கறாங்களே தவிர, சேசுவைப் பாக்கறதில்லை. கொஞ்சம் குறைப்போம்னு..."

"சிலுவைப்பாதையில ஆறாம் ஸ்தலத்துல கோயில் சுவத்துல தொங்கறது யாரு? எங்க பக்கத்து வீட்டுக்காரியா?"

"அதுவும் பாரம்பரியம்தான்."

"அப்ப அவரு மூஞ்சியத் தொடச்சது யாரு?"

"வேதத்துல அப்படி எதுவும் எழுதலை. யாரும் தொடைக்கலை."

சலூத் மண்டபத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "அத்தனை சனம் வழி நெடுக நின்னு வேடிக்கை பாத்துட்டு, ஒருத்தர்கூட ஒரு துணி குடுக்கலையா? எந்த ஊர்க்காரங்க ஃபாதர் அவங்க?"

ஃபாதர் தாளை மடித்துக்கொண்டு, சுரூபக் குடும்பங்களுக்கும் ஒரு செமினார் என்று தேதியைச் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெலென் தன் தாளை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் இருப்பது மகதலேனா, பாவ வாழ்க்கையை விட்டு சேசுவிடம் வந்தவள். சலூத்தின் இரண்டாவது மகனுக்கு அவள் ஞானத்தாய். அன்றிலிருந்து ஒருத்தியை ஒருத்தி 'மாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என் ஆளு நாலு சுவிசேஷத்துலயும் இருக்கா மாரே" என்றாள் பெலென்.

"உன் ஆளு செஞ்ச வேலைக்கு நாலு பேர் எழுதித்தானே ஆகணும்."

"பொறாமைடி உனக்கு." விசிறுவதை நிறுத்தாமலே குரலைத் தாழ்த்தினாள். "சரி சொல்லு. என்ன பண்ணப் போறோம்?"

ஆறு வாரம் ஊர் ஒரே மனதாக வேலை செய்தது. அப்படி ஒற்றுமை வெள்ளம் வந்தபோதுகூட இருந்ததில்லை. சாமியாருக்குச் சாப்பாடு வீடுகள் முறை வைத்து அனுப்புவது வழக்கம். முறைக்காரிகள் பேசி வைத்துக்கொண்டு இருபத்தோரு நாள் பாகற்காய் மட்டும் அனுப்பினார்கள். வதக்கல், முட்டை போட்ட பொரியல், பச்சைப் பாகற்காயில் உப்பும் வினிகரும். இருபத்திரண்டாம் நாள் ஞாயிறு. ஃபாதர் மேடையேறி, தனக்குச் சர்க்கரை இருப்பதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை, சோதித்ததில் நன்றாகக் குறைந்திருக்கிறது, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று நன்றி சொன்னார். முறைக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிரசங்கத்தின்போது ஆம்பளைகள் வெளியே போய் சிகரெட் பிடிப்பது பழைய வழக்கம். இப்போது பொம்பளைகளும் எழுந்து வந்து சலூத்தின் கடையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் ஃபாதர் ஒரு ஒலிபெருக்கியைக் கடையைப் பார்த்துக் கட்டிவிட்டார். கஞ்சிப் பானைக்கு நேர் மேலே அவர் குரல் முழங்கியது. காத்யோ ஏணி வைத்து ஏறி அதன் மேல் நனைந்த சாக்கைப் போட்டான். கேட்டதற்கு, மழை வந்தால் கெட்டுவிடும் என்றான். மார்ச் மாதம், ஊரில் கிணறே வற்றிக் கிடந்தது.

சாமியாருக்கு மேலே இருக்கிற ஆயருக்கு எழுதிய மனுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பதிலாக ஒரு வரி வந்தது: 'உங்கள் பங்குத்தந்தைக்காக ஜெபியுங்கள்.'

"ஜெபிச்சிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் சலூத். "மாத்தலாகிப் போகட்டும்னு."

ஆனால் பெரிய வாரம் நெருங்க நெருங்க, சிரிப்பெல்லாம் கடையோடு நின்றது. வீட்டுக்குள் வந்தால் வெரோணிக்காவின் முன்னால் நின்று முடியைச் சீவுவாள். சீவியதையே திரும்பவும் சீவுவாள். ஒரு வருஷம் வீட்டிலேயே நின்றுவிட்டால், அடுத்த வருஷம் அவளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஊர் மறப்பதற்கு ஒரு வருஷம் தாராளம் என்று சலூத்துக்குத் தெரியும். அவளே நாலாவது சாமியாரின் முகத்தை மறந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கோயில்பிள்ளை உர்போ ஒரு பெரிய ஊதாத் துணியோடு வந்து வாசலிலேயே நின்றார். தவக்காலத்தில் கோயில் சுரூபங்களை மூடுகிற துணி.

"உங்க சுரூபத்தை இதால மூடி வீட்டுக்குள்ளயே வெக்கணுமாம். என்னை ஒண்ணும் சொல்லாதீங்க அலிங் சலூத். நான் வெறும் மணி அடிக்கறவன்."

"உங்களை என்ன சொல்லப் போறேன்? குடுங்க. கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

அவள் இப்படித் தணிவாகப் பேசியது உர்போவுக்குச் சரியாகப் படவில்லை. கஞ்சி குடிக்காமலே போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் வெரோணிக்காவைப் பழுப்புப் பட்டில் உடுத்தி, சப்பரத்தில் ஏற்றி, வெள்ளைச் சாமந்தியால் சுற்றி, கையில் மூன்று முகம் வரைந்த துணியைக் கொடுத்தாகிவிட்டது. பிறகு உத்தரவுப்படி ஊதாத் துணியால் மூடி, வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு அடி தள்ளி நிறுத்தினாள். ஃபாதர் காவலுக்கு அனுப்பிய இரண்டு ஊர்க்காவல்காரர்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கோத்தோ கொடுத்து நிழலில் உட்கார வைத்தாள். பெரிய புதன் என்பதால் குடல் இல்லாத கஞ்சிதான், அவித்த முட்டையோடு. திட்டம் இதுதான்: பெலெனின் மகதலேனா கேட்டைத் தாண்டியதும் சக்கரம் சிக்கிக்கொள்ளும். ஊர்வலம் நிற்கும். காத்யோ ஜெனரேட்டரைக் கிளப்புவான், விளக்கு எரியும், சலூத் துணியை உருவுவாள், மகன்கள் சப்பரத்தைத் தள்ளி வரிசைக்குள் விட்டுவிடுவார்கள். வெளிச்சத்தோடு தெருவில் நிற்கிற ஒரு புனிதையை எந்தச் சாமியார் கையால் பிடித்து உள்ளே தள்ளுவார்?

ஐந்து மணி வெயில் தெருவை நீளவாக்கில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் இராயப்பர் வந்தார். ஒவ்வொருவராகப் போன பிறகு மகதலேனா ஆடி ஆடி வந்து, கேட்டைத் தாண்டி நாலு அடியில் நின்றாள். "ஐயோ, சக்கரம்!" என்று பெலென் ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். சக்கரத்துக்கு ஒன்றுமில்லை, அவளே கட்டையைப் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஃபாதர் கிறிசாந்தோ சரியாக சலூத்தின் கேட்டுக்கு எதிரே நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு கையாலும் பெரிய பாடுபட்ட சுரூபச் சிலுவையைப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் சிலுவை சுமந்த சேசுவின் சப்பரமும், பாண்டு வாத்தியமும், ஊரும்.

சலூத் துணியை உருவினாள். காத்யோ ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தான். அது இருமியது. இன்னொரு தடவை இழுத்தான். இன்னும் மோசமாக இருமிவிட்டு அடங்கிவிட்டது.

"என்னய்யா பண்றே?"

"பெட்ரோல் ஊத்தினியா நீ?"

"நான் எதுக்குய்யா ஊத்தணும்?"

காவல்காரர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். மகன்கள் சப்பரத்தில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்தார்கள். துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற சலூத்துக்குக் காது சூடாகியது. ஆறு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சையாவது அவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று தெருவில் இறங்கி நடந்தாள்.

கிட்டே போனதும்தான் பார்த்தாள். நெற்றியில் அப்பியிருந்த வெள்ளை வேர்வையோடு உருகி இரண்டு கண்ணிலும் இறங்கிக்கொண்டிருந்தது. இமை சிவந்து வீங்கியிருந்தது. சுரூபத்தைப் பிடித்திருந்ததால் துடைக்கக் கை இல்லை. கண்ணைத் திறக்க முடியாமல், தண்ணீர் தாரை தாரையாக ஓட நின்றார். சுற்றிலும் அத்தனை சனம். 'பவுடர் ஃபாதர் அழுறாரு' என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

"ஒரு கர்ச்சீப்புகூடவா கெடையாது உங்களுக்கு?" என்றாள் சலூத்.

"யாரு... அலிங் சலூத்தா? வேண்டாங்க, தயவுசெஞ்சு..."

"வாயை மூடுங்க. உள்ள போயிடும்."

ஊதாத் துணியை விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் அவர் முகத்தில் வைத்து அழுத்தித் துடைத்தாள். தேவைக்குக் கொஞ்சம் கூடவே அழுத்தினாள் என்பதை அவள் பிற்பாடு மறுக்கவில்லை. பாகற்காய்க்கு நன்றி சொன்னதற்குச் சேர்த்து அழுத்தினாளாம்.

துணியை எடுத்து உதறியபோதுதான் பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். ஊதாத் துணியின் நடுவில் வெள்ளையாக ஒரு முகம். நெற்றி, இரண்டு புருவக் குழி, நீள மூக்கு, கீழ்நோக்கி வளைந்த வாய்.

"முகம்!" என்றது ஒரு குரல். "ஐயோ மாதாவே, முகம்!"

ஒரு கிழவி தெருவிலேயே மண்டியிட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. பாண்டில் கிளாரினெட்காரன் மட்டும் விஷயம் தெரியாமல் கொஞ்சம் வாசித்துவிட்டு நிறுத்தினான்.

"அது க்ரீம்!" என்றார் ஃபாதர். வெள்ளை போன முகத்தில் தோல் திட்டுத்திட்டாக உரிந்து சிவந்திருந்தது. "எல்லாரும் எழுந்திருங்க! அது வெறும் க்ரீம்!"

"என்ன சொல்றாரு?"

"க்ரீம்னு சொல்றாரு."

"பாத்தியா தாழ்மையை!"

காவல்காரர்கள்கூட மண்டியிட்டிருந்தார்கள். கேட் திறந்தே கிடந்தது. சப்பரத்தைத் தள்ளினால் தடுக்க ஆளில்லை. ஆனால் தள்ள வேண்டிய மகன்களும் துணியைப் பார்க்கத் தெருவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். வெரோணிக்கா விளக்கில்லாமல், தன் மூன்று முகங்களைப் பிடித்தபடி தனியாக நின்றாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் எஸ்.எம்.எஸ் மூன்று ஊரைத் தாண்டிவிட்டது. ஆறு மணிக்கு ஜீப்னிகள் வரிசையாக வந்து நின்றன. ஜனங்கள் கைக்குட்டையோடு இறங்கி, கொடியில் கிடந்த ஊதாத் துணியில் தேய்த்து, கண்ணில் ஒற்றி, பிள்ளைகளின் நெஞ்சில் தடவினார்கள். இருபத்தோரு நாள் பாகற்காய் அனுப்பிய முறைக்காரிகள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள். ஒருத்தி, ஃபாதர் தன் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டவர் என்று பக்கத்தில் இருப்பவளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். காத்யோ விசில் வைத்து வரிசையை ஒழுங்கு செய்தான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

சலூத் சமையல்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெலென் எதிரே உட்கார்ந்து காப்பி ஆற்றினாள்.

"ஊரை விட்டுத் தொரத்தணும்னே. இப்பப் பீடத்துல ஏத்தி வெச்சிட்டே."

"வாயை மூடு மாரே."

"வெரோணிக்காவை இனி யாரு தேடப் போறா? புது வெரோணிக்கா நீதான். சப்பரத்துல ஏறி நில்லு, நான் பூச் சுத்தறேன்."

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. ஃபாதர் கிறிசாந்தோ, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கோழிக்கூண்டுப் பக்கமாக வந்து நின்றார்.

"அலிங் சலூத், அந்தத் துணியைத் துவைச்சிடுங்க. எட்டு மணிக்குப் பேராலயத்துல எண்ணெய் மந்திரிக்கிற பூசை. மேற்றிராசனத்துச் சாமியார்கள் எல்லாரும் இருப்பாங்க. ஆயர் அங்க வெச்சுக் கேப்பாரு."

சலூத் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உக்காருங்க. காப்பி குடிங்க."

"எனக்கு வயித்துக்கு ஆகாது."

"அப்ப சும்மா உக்காருங்க. எதுக்கு அதை அப்பிக்கறீங்க?"

"ஒரு மருந்து சாப்பிடறேன். வெயில் பட்டா தோல் உரிஞ்சுபோகும். டாக்டர் பூசச் சொன்னாரு."

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே?"

"யாரும் கேக்கலையே. பேருதான் வெச்சீங்க."

பெலென் காப்பியை ரொம்பக் கவனமாக ஆற்றினாள். சலூத் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "பேரு என்னமோ பொருத்தமாத்தான் இருந்துது" என்றாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "துவைக்கச் சொல்றீங்க. எந்தத் துணியை? வெரோணிக்கான்னு ஒருத்தி இல்லை. மூஞ்சியை யாரும் தொடைக்கலை. எழுதலைன்னு நீங்கதானே சொன்னீங்க. நடக்காத விஷயத்துல அழுக்கான துணியை நான் எப்படித் துவைக்கிறது?"

ஃபாதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வெளியே யாரோ மாதா பாட்டு ஆரம்பித்தார்கள். 

"நாளைக்கு அவங்க ஊர்வலத்துல வரலாம்" என்றார்.

"நாளைக்கும், வருஷா வருஷமும்."

"வருஷா வருஷமும்."

"செமினார் கெடையாது."

"...கெடையாது."

"மகதலேனாவுக்கு முன்னாடி."

"அடிப்பாவி!" என்றாள் பெலென்.

"உங்க முகம், உங்க இஷ்டம்" என்றாள் சலூத்.

ஃபாதரின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்குகிறாரா, தோல் எரிகிறதா என்று தெரியவில்லை. "முன்னாடியே வரட்டும். ஆனா எனக்கும் ஒண்ணு இருக்கு. நீங்களே துவைக்கணும், எல்லார் கண் முன்னாலயும், இப்பவே. நான் துவைச்சா அதையும் தாழ்மைம்பாங்க."

இதை சலூத் எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக அவள் கஞ்சி குடித்த வாய்கள். கொடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூடத்து மூலையில் சாமந்தி வாடி நின்ற வெரோணிக்காவைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சோப்புக்கட்டியை எடுத்தாள்.

அவள் கொடியில் கை வைத்ததும் பாட்டு நின்றது. அடிபம்பின் கீழே தொட்டியில் துணி விழுந்ததும் ஒரு ஓலம் எழுந்தது. "என்ன பண்றே! நிறுத்து!" "பைத்தியம் பிடிச்சிருச்சு கிழவிக்கு!" முறைக்காரிகளில் ஒருத்தி முன்னால் வந்து முகத்துக்கு நேரே கை நீட்டி, "யூதாஸ்!" என்றாள்.

"யூதாஸ் பேரு பைபிள்ல இருக்கு" என்றாள் சலூத், சோப்பைத் தேய்த்துக்கொண்டே. "எனக்கு அதுவே பெரிய மரியாதை."

மூக்கு முதலில் போயிற்று, பிறகு வாய். நெற்றி மட்டும் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. துணியைப் பிழிந்து உதறி, வெறும் ஊதாவாக எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினாள்.  பிறகு எங்கிருந்தோ ஒரு கிழவி காலி பாட்டிலோடு வந்து, தொட்டியில் கிடந்த சோப்புத் தண்ணீரை மொண்டாள். அவ்வளவுதான். தொட்டி கால் மணி நேரத்தில் காலியாகிவிட்டது.

சமையல்கட்டு ஜன்னலில் நின்ற ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது என் பொறுப்பில்லை" என்றாள் சலூத், ஈரக் கையைத் துடைத்தபடி. "பேச்சு துணிக்குத்தான்."

பேராலயத்துக்கு ஃபாதரைக் கூட்டிப்போன உர்போ சாயந்தரம் வந்து கதை சொன்னார். ஆயர் எல்லோருக்கும் நடுவில் கேட்டாராம், துணியில் முகம் பதிந்ததாமே என்று. துவைத்தாயிற்று ஆண்டவரே என்றாராம் ஃபாதர். யார் துவைத்தது? "வெரோணிக்காவே துவைச்சிட்டாங்க." ஆயர் அதற்கு மேல் கேட்கவில்லையாம்.

பெரிய வெள்ளியன்று, ஊரில் பாதிப் பேர் சலூத்தோடு பேசவில்லை. சப்பரம் தள்ள வருகிறேன் என்றிருந்த ஆறு பேரில் நாலு பேர் வரவில்லை. பெலென் தன் ஆட்களில் மூன்று பேரை, திட்டிக்கொண்டே, அனுப்பிவைத்தாள். காத்யோ ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றியதை மூன்று தடவை திறந்து காட்டினான். புதுச் சாமந்தியோடு, எண்ணெய் மின்னும் கருங்கூந்தலோடு, வெரோணிக்கா கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். மகதலேனாவுக்கு முன்னால். பேசாதவர்களும் அவளுக்குக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டத்தான் செய்தார்கள். சலூத் சப்பரத்தின் பக்கத்தில் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மூக்கை மட்டும் அடிக்கடி உறிஞ்சினாள்; சாமந்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

சந்தை முனையில் வரிசை வளைகிற இடத்தில் சப்பரங்கள் நெருங்கி நின்றன. பின்னால் வந்த ஃபாதர் கிறிசாந்தோ அவளுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தார். முகத்தில் வெள்ளை கனமாகவே இருந்தது. இன்று சுரூபத்தை உர்போவிடம் கொடுத்திருந்தார். வெயில் நேராக அடித்தது. சலூத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டடி அவர் பக்கமாக எடுத்து வைத்தாள்.

ஃபாதர் திடுக்கிட்டு, அங்கி ஜேபிக்குள் கையை விட்டு, ஒரு பெரிய கைக்குட்டையை உருவி, தானே அவசர அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க ஃபாதர்" என்றாள் சலூத். "இன்னைக்கு நான் துணி கொண்டுவரலை."

பெலென் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாதர் கைக்குட்டையை ஒரு தடவை பார்த்தார், அக்கம்பக்கம் பார்த்தார், யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் அதை நாலாக, எட்டாக மடித்து ஜேபியின் அடியில் திணித்துக்கொண்டு, கையையும் அதன் மேலேயே வைத்தபடி நடந்தார்.